இடைக்காலத் தேர்தல் முடிந்தது, அடுத்த அதிபர் வேட்பாளர் யார்? ஜனநாயகக் கட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபரின் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தின் நட்டநடுவில் வருவது இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும், பல மாநிலங்களின் ஆளுநர் பதவிக்கும் அன்று வாக்களிப்பார்கள். அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது. ஆனாலும் முடிவு வந்த மறுநாள் காலையிலேயே பேச்சு அதிபர் பதவிக்குத் தாவிவிடும்: எதிர்க்கட்சியில் அடுத்து யார்?

இங்கே ஜனநாயகக் கட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2018 நவம்பர் முதல் 2020 வரை நடந்ததை அதிகம் சொல்வேன். இந்த விவாதத்தின் எல்லாக் கோணங்களும் அந்த ஒரு சுற்றிலேயே வந்துபோயின. என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அடிபடும் பெயர்களைவிட, எந்த மாநிலத்தில் எந்த வாக்காளர்கள் எந்த வரிசையில் வாக்களிக்கப் போகிறார்கள் என்பதுதான் வேட்பாளரைத் தீர்மானிக்கிறது. அவர்களில் முக்கியமானவர்கள் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள். தொலைக்காட்சி விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அவர்களைப் பற்றித்தான்.

அதிபர் தேர்தலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதே, இவ்வளவு சீக்கிரம் ஏன்?

கட்சிக்குள் நடக்கும் போட்டிக்கு இரண்டு ஆண்டு கிடையாது. 2018 தேர்தல் நவம்பர் 6 அன்று நடந்தது. கட்சியின் முதல் மேடை விவாதம் 2019 ஜூன் 26, 27 தேதிகளில் மியாமியில் நடந்தது. முதல் வாக்கு 2020 பிப்ரவரி 3 அன்று அயோவாவில். அதற்குள் ஆள் சேர்க்க வேண்டும், நிதி திரட்ட வேண்டும், ஊர் ஊராக அலுவலகம் திறக்க வேண்டும். எலிசபெத் வாரன் 2018 டிசம்பர் 31 அன்றே, போட்டியிடுவதை ஆராயும் பூர்வாங்கக் குழுவை அறிவித்துவிட்டார். ஜான் டெலானி 2017 ஜூலையிலேயே களத்தில் இறங்கியவர். அதனால் அவருக்கு எந்த லாபமும் இல்லை என்பது வேறு விஷயம்.

சீக்கிரம் இறங்கியதால் பலன் கண்டவர் ஜிம்மி கார்ட்டர். 1974 இடைக்காலத் தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகியிருக்கும், டிசம்பர் 12 அன்று போட்டியிடப் போவதாக அறிவித்தார். ஜார்ஜியாவுக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. "எந்த ஜிம்மி?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். 1976 அதிபர் தேர்தலில் ஜெயித்தது அவர்தான்.

இடைக்காலத் தேர்தலில் ஜெயித்த கட்சிக்கு அடுத்த அதிபர் பதவி கிடைக்குமா?

அப்படி எந்த விதியும் இல்லை. 1982ல் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 25க்கும் மேற்பட்ட இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. இரண்டே ஆண்டில் ரீகன் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 1986ல் செனட்டில் 8 இடங்களைப் பிடித்து அந்தச் சபையையே கைப்பற்றியது. 1988ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் தோற்றார். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 1994ல் 54 இடங்களைப் பறித்த குடியரசுக் கட்சியால் 1996ல் கிளின்டனை வீழ்த்த முடியவில்லை. 2010ல் 63 இடங்களைப் பறித்தும் 2012ல் ஒபாமாவே திரும்ப வந்தார். 2006ஐயும் 2018ஐயும் பார்த்தால் இடைக்கால வெற்றி அதிபர் பதவியில் முடிந்திருக்கிறது. ஆக இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது.

காரணம் எளிது. பதவியில் இருக்கும் அதிபர் மீதான கோபத்தைக் காட்டும் நாள் அது. கோபம் இருப்பவர் தவறாமல் வருவார், திருப்தியாக இருப்பவர் வீட்டில் இருந்துவிடுவார். இரண்டு ஆண்டு கழித்து வாக்குச்சீட்டில் இரண்டு மனிதர்களின் பெயர் இருக்கும்போது மக்கள் மனதில் எழுவது வேறு கேள்வி.

2018க்குப் பிறகு யார் யார் பெயர் அடிபட்டது?

ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது. மொத்தத்தில் 20க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். மியாமி மேடையில் ஒரே இரவில் இடம் போதாமல் இரண்டு இரவுகளாகப் பிரித்து, இரவுக்கு 10 பேரை நிறுத்தினார்கள்.

பழைய ஆட்கள் ஜோ பைடனும் பெர்னி சாண்டர்ஸும். செனட்டிலிருந்து எலிசபெத் வாரன், கமலா ஹாரிஸ், கோரி புக்கர், ஏமி குளோபுச்சார், கிர்ஸ்டன் கில்லிபிரண்ட். இவர்களில் குளோபுச்சார் அந்த நவம்பரில்தான் மினசோட்டாவில் 60 சதவீத வாக்குடன் மீண்டும் ஜெயித்திருந்தார். 2019 பிப்ரவரியில் மினியாபொலிஸில் கொட்டும் பனியில் தலையெல்லாம் வெள்ளையாக நின்று அறிவித்தார். ஒஹாயோ குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரத்திலும் அங்கே ஜெயித்த ஷெராட் பிரவுன் பெயர் பலமாக அடிபட்டது. அவர் 2019 மார்ச்சில் போட்டியிடவில்லை என்று சொல்லிவிட்டார். நான் பார்த்தவரை அந்தப் பட்டியலில் தொழிலாளர் பிரச்சினையை மேடைக்காக அல்லாமல் மனதாரப் பேசியவர்களில் அவர் ஒருவர். அவர் நின்றிருந்தால் கட்சிக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தியானாவின் சவுத் பெண்ட் நகர மேயர் பீட் புட்டிஜெஜை அந்த நவம்பரில் யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. பதினைந்து மாதம் கழித்து அயோவாவில் டெலிகேட் (வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதி) கணக்கில் மயிரிழையில் முதலிடம் அவருக்கு.

தோற்றவர்களைக்கூட அதிபர் வேட்பாளர் என்று பேசினார்களே, எப்படி?

டெக்சாஸில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை எதிர்த்து நின்ற பீட்டோ ஓ'ரூர்க் 2.6 சதவீதப் புள்ளிகளில் தோற்றார். ஜார்ஜியாவில் ஸ்டேசி ஏப்ரம்ஸும் ஃபுளோரிடாவில் ஆண்ட்ரூ கில்லமும் ஆளுநர் தேர்தலில் நூலிழையில் தோற்றார்கள். மூவர் பெயரும் அதிபர் பதவியோடு சேர்த்துப் பேசப்பட்டது.

டெக்சாஸில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் அவ்வளவு நெருங்கி வந்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் எதிரே நின்றவர் குரூஸ் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. நாடு முழுவதும் குரூஸைப் பிடிக்காதவர்கள் அனுப்பிய பணம் ஓ'ரூர்க்குக்குக் குவிந்தது. 2019 மார்ச்சில் அவர் அதிபர் போட்டிக்கு வந்தபோது முதல் 24 மணி நேரத்தில் 61 லட்சம் டாலர் திரண்டது. அதன் பிறகு எதிரே குரூஸ் இல்லை. நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள் என்று அயோவா மக்கள் கேட்டார்கள். அதற்குத் தெளிவான பதில் அவரிடம் இல்லை. நவம்பர் 1 அன்று விலகினார், ஒரு வாக்கும் பதிவாவதற்கு முன்பே.

முதல் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா?

2018 டிசம்பரில் அயோவாவில் எடுத்த புகழ்பெற்ற கணிப்பில் பைடன் 32, சாண்டர்ஸ் 19, ஓ'ரூர்க் 11 சதவீதம். கடைசியில் வேட்பாளர் பைடன்தான். அப்படியானால் கணிப்பு சரிதானே என்று தோன்றும். ஆனால் அதே அயோவாவில் வாக்குப்பதிவு நாளன்று பைடன் வந்தது நான்காவது இடத்தில்.

முந்தைய சுற்றுகளைப் பாருங்கள். 2003 தொடக்கத்தில் பல கணிப்புகளில் முன்னணியில் இருந்தவர் ஜோ லீபர்மன். அவர் ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்கவில்லை. 2006 இடைக்காலத் தேர்தலுக்குப் பிறகு 2007 முழுக்க ஹிலாரி கிளின்டன் இரட்டை இலக்க வித்தியாசத்தில் முன்னே இருந்தார். வேட்பாளரானது ஒபாமா. இந்த நேரத்துக் கணிப்பு பெரும்பாலும் அளப்பது பெயர் எவ்வளவு பரிச்சயம் என்பதைத்தான்.

பெயர் அடிபட்டும் கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்கள் உண்டா?

நிறைய. 2006ல் வர்ஜீனியாவின் மார்க் வார்னர் இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய மாதமே ஒதுங்கினார். இந்தியானாவின் எவன் பே டிசம்பரில் ஒதுங்கினார். அயோவா ஆளுநர் டாம் வில்சாக் அந்த நவம்பரில் முந்திக்கொண்டு அறிவித்துவிட்டு, மூன்று மாதத்தில் பணம் போதாமல் விலகினார். இப்படி இடம் காலியாகக் காலியாகத்தான் 2007 பிப்ரவரி 10 அன்று ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய சட்டமன்றக் கட்டடத்தின் முன் நின்று ஒபாமா அறிவித்தபோது, ஹிலாரிக்கு மாற்று தேடியவர்களின் பார்வை அவர்மேல் விழுந்தது.

இவற்றில் மறக்க முடியாதது மரியோ குவோமோவின் கதை. 1990 தேர்தலில் நியூயார்க் ஆளுநராக மீண்டும் ஜெயித்தவர், பிரமாதமான பேச்சாளர். 1991 முழுக்க 'வருவாரா, மாட்டாரா' என்பதே பேச்சு. டிசம்பர் 20 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். ஆல்பனி விமான நிலையத்தில் அவரை ஏற்றிச் செல்ல விமானம் தயாராக நிற்கிறது. கட்ட வேண்டிய பணம் ஆயிரம் டாலர்தான். பிற்பகலில் அவர் செய்தியாளர்கள் முன் வந்து, மாநில பட்ஜெட் பிரச்சினை தீராமல் என்னால் போக முடியாது என்றார். விமானம் அவரில்லாமல் நின்றது. பெரிய ஆட்கள் பலர் அந்த முறை ஒதுங்கியதற்கு வளைகுடாப் போருக்குப் பிறகு அன்றைய அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷின் செல்வாக்கு 89 சதவீதத்தைத் தொட்டிருந்ததும் ஒரு காரணம். அந்த இடைவெளியில் புகுந்தவர் ஆர்க்கன்சா ஆளுநர் பில் கிளின்டன்.

'இடதுசாரியா, மிதவாதியா' என்ற சண்டைக்கு இடைக்காலத் தேர்தல் பதில் சொல்கிறதா?

இரு தரப்பும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். 2018ல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் நியூயார்க்கில் கட்சியின் மூத்த தலைவரான ஜோ கிரௌலியை பிரைமரியிலேயே (கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல்) தோற்கடித்தார். இளைஞர்களுக்கு அது பெரிய உற்சாகம். ஆனால் அது எப்போதும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கும் தொகுதி. குடியரசுக் கட்சியிடமிருந்து பறித்த தொகுதிகளில் ஜெயித்தவர்கள் வேறு மாதிரி: வர்ஜீனியாவின் அபிகெயில் ஸ்பேன்பெர்கர் முன்னாள் உளவுத்துறை அதிகாரி, மிச்சிகனின் எலிசா ஸ்லாட்கினும் அப்படியே, நியூ ஜெர்சியின் மிக்கி ஷெரில் கடற்படை ஹெலிகாப்டர் விமானி. சபையில் நிகரமாகக் கூடிய 40 இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட புறநகர்த் தொகுதிகளிலிருந்து வந்தவை. அதே நாளில் செனட்டில் கட்சி நிகரமாக 2 இடங்களை இழந்தது.

புறநகர் மிதவாதிகள் ஜெயித்ததால் அதிபர் வேட்பாளரும் மிதவாதியாக இருக்க வேண்டும் என்பது அவசர முடிவு. தொகுதிக்குத் தொகுதி ஆளுக்கேற்ற ஆள் நின்றதுதான் அன்றைய வெற்றி. அந்த வசதி அதிபர் தேர்தலில் இல்லை, ஒரே ஒருவர்தான் நிற்க முடியும்.

'இவர்தான் ஜெயிக்கக்கூடியவர்' என்ற வாதம் எவ்வளவு சரி?

என்னை மிகவும் வருத்துகிற வாதம் இது. 2019ல் கூட்டங்களுக்கு வந்த பெண்களே "எனக்கு வாரனைப் பிடிக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண்ணுக்கு வாக்களிப்பாரா தெரியவில்லை" என்கிற ரீதியில் பேசினார்கள். தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, அடுத்தவருக்கு யாரைப் பிடிக்கும் என்று ஊகித்து வாக்களிப்பது. அந்த ஊகம் 2016ல் ஹிலாரி தோற்ற வலியிலிருந்து வந்தது என்பது புரிகிறது. ஆனால் 2018ல் பிரதிநிதிகள் சபைக்கு 100க்கும் மேற்பட்ட பெண்கள் தேர்வானார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. கண்முன் இருந்த அந்தச் சான்றைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

கறுப்பின வாக்காளர்களின் கணக்கை மட்டும் இதோடு சேர்க்க மாட்டேன். பெரும்பான்மை வெள்ளையர் யாருக்கு வாக்களிப்பார்கள், யாருக்கு மாட்டார்கள் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். தவறான ஆளை நிறுத்தித் தோற்றால் முதலில் அடிபடப் போவதும் அவர்கள்தான்.

வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கட்சித் தலைமையா?

1968 வரை பெரும்பாலும் தலைமைதான். அந்த ஆண்டு ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி பிரைமரிகளில் போட்டியிடாமலேயே வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் ரத்தம் ஓடியது. அதன் பிறகு விதிகளை மாற்றி, டெலிகேட்டுகளை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் பிரைமரியோ காக்கஸோ நடக்கும். மாநில அளவிலோ தொகுதி அளவிலோ 15 சதவீதம் வாங்கியவர்களுக்கு டெலிகேட்டுகள் விகிதாசாரப்படி பிரியும். 14 சதவீதம் வாங்கினால் ஒன்றும் இல்லை. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே மொத்தமும். ஜனநாயகக் கட்சியில் அப்படிக் கிடையாது என்பதால், ஒருவர் நல்ல முன்னிலை எடுத்துவிட்டால் பின்னால் வருபவர் துரத்திப் பிடிப்பது மிகக் கடினம். 2008ல் பிப்ரவரி மாதத்தில் ஒபாமா வரிசையாக ஜெயித்துச் சேர்த்த முன்னிலையை, பிறகு ஒஹாயோ, பென்சில்வேனியா போன்ற பெரிய மாநிலங்களில் ஜெயித்தும் ஹிலாரியால் உடைக்க முடியவில்லை.

சூப்பர் டெலிகேட்டுகள் என்ற கட்சிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் வந்த விதிப்படி, போட்டி முடிவாகாத மாநாட்டில் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது.

அயோவா காக்கஸ் என்றால் என்ன? 2020ல் என்ன குழப்பம்?

2020 வரை இருந்த முறை இது. காக்கஸ் நாளில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தையோ தேவாலயக் கூடத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறைபனி. இரவு 7 மணிக்குக் கதவை மூடுவார்கள். ரகசிய வாக்கு இல்லை. வாரன் ஆதரவாளர்கள் ஒரு மூலையில், சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கூடைப்பந்து வளையத்தின் கீழே, பைடன் ஆதரவாளர்கள் வாசல் பக்கம் என்று நின்றுகொள்வார்கள். தலை எண்ணுவார்கள். 15 சதவீதம் சேராத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அப்போது பாருங்கள், அக்கம்பக்கத்தார் பேரம் பேசுவதை: "இங்கே வாங்க, இன்னும் மூணு பேர் இருந்தா எங்களுக்கு ஒரு டெலிகேட் கிடைச்சுடும்." எனக்கு அதில் ஓர் அழகு தெரிகிறது. ஆனால் இரவு வேலைக்குப் போகிறவரும், கைக்குழந்தை இருக்கும் தாயும், நடக்க முடியாத முதியவரும் அந்தக் கூடத்தில் இருக்க மாட்டார்கள்.

2020ல் முடிவுகளை அனுப்பக் கொடுத்த கைபேசிச் செயலி வேலை செய்யவில்லை. தொலைபேசி இணைப்பும் கிடைக்கவில்லை. முழு முடிவு வரப் பல நாள் ஆனது. மக்கள் வாக்கில் சாண்டர்ஸ் முன்னிலை, டெலிகேட் கணக்கில் புட்டிஜெஜ் முன்னிலை. ஏறத்தாழ 90 சதவீதம் வெள்ளையர்கள் வாழும், 30 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை கொண்ட ஒரு மாநிலம் ஏன் எப்போதும் முதலில் பேச வேண்டும் என்ற பழைய கேள்வி அதோடு பெரிதாக எழுந்தது. 2024 அட்டவணையில் கட்சி முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. என்னைக் கேட்டால், இருபது ஆண்டு தாமதமாகச் செய்த நல்ல காரியம்.

தென் கரோலினாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்பவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். 1992 முதல் 2020 வரை நடந்த போட்டிகளில் அங்கே ஜெயித்தவர்தான் வேட்பாளர்: பில் கிளின்டன், ஆல் கோர், ஒபாமா, ஹிலாரி, பைடன். விலக்கு 2004 மட்டும். அப்போது அந்த மண்ணிலேயே பிறந்த ஜான் எட்வர்ட்ஸ் ஜெயித்தார், வேட்பாளரானது ஜான் கெர்ரி.

2020 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, நெவாடாவில் சாண்டர்ஸுக்கு வெகு பின்னால் இரண்டாவது. 1988க்கும் 2008க்கும் நடந்த போட்டிகளையும் சேர்த்தால், வாழ்நாளில் ஒரு பிரைமரியில்கூட அவர் ஜெயித்ததில்லை. கையில் பணமும் வற்றிவிட்டது. அவர் கதை முடிந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள்.

அந்த நாட்களில் தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவரும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினருமான ஜிம் கிளைபர்ன், தன் கணக்காளரின் இறுதிச் சடங்குக்காக ஒரு சிறிய ஊரின் தேவாலயத்துக்குப் போயிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா அவரைக் கிட்டே அழைத்து, யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள், எனக்கு மட்டும் காதில் சொல்லுங்கள் என்று கேட்டார். கிளைபர்ன் குனிந்து பைடன் பெயரைச் சொன்னார். இதைத்தான் கேட்க வேண்டியிருந்தது, ஊரும் உங்களிடமிருந்து இதைக் கேட்க வேண்டும் என்றார் அந்த அம்மா. பிறகு கிளைபர்னே பல இடங்களில் சொன்ன சம்பவம் இது. பிப்ரவரி 26 அன்று நார்த் சார்ல்ஸ்டனில் பைடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நமக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்" என்றார்.

மூன்றாம் நாள் பைடனுக்கு 48 சதவீதத்துக்கும் மேல் வாக்கு. அடுத்த இரண்டு நாளில் புட்டிஜெஜும் குளோபுச்சாரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3, சூப்பர் செவ்வாய்: 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் பிரசாரத்தை நிறுத்தினார்.

2018 நவம்பரில் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து பெயர்களை எடைபோட்டவர்களில் எத்தனை பேர் அந்த முன்வரிசை அம்மாவை மனதில் வைத்திருந்தார்கள்? பல ஆண்டு பழக்கத்தை, ஒபாமாவுக்கு எட்டு ஆண்டு துணையாக நின்றதை, சர்ச்சுக்கு வந்து உட்கார்ந்த நாட்களை எந்தக் கணிப்பும் அளக்கவில்லை.

பணம்தானே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது?

பணம் இல்லாமல் ஓட முடியாது. ஆனால் பணத்தால் மட்டும் ஜெயிக்கவும் முடியாது. மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பர் கடைசியில் வந்து 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். லாஸ் வேகாஸ் மேடையில் வாரன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினார். கடைசியில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்கன் சமோவா தீவுகளில்.

தனிநபர் ஒருவர் பிரைமரிக்காக ஒரு வேட்பாளருக்கு அந்தச் சுற்றில் 2,800 டாலர்தான் கொடுக்கலாம். அதனால் சிறு நன்கொடையாளர்களின் எண்ணிக்கை முக்கியமானது. முதல் மேடை விவாதத்துக்குத் தகுதி பெற 65,000 நன்கொடையாளர்கள், அல்லது மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் என்று விதி வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் ஆளுநர்களும் செனட்டர்களும் ஒரு டாலர் நன்கொடைக்காக இணையத்தில் விளம்பரம் செய்து கொண்டிருந்தார்கள்.

கமலா ஹாரிஸ் 2019ல் ஏன் விலகினார்?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. அவருடைய தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து, 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர் தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் பொறித்த கல்லில் ஹாரிஸ் பெயரும் உண்டு.

2019 ஜனவரியில் ஓக்லண்டில் சுமார் 20,000 பேர் திரண்ட கூட்டத்தோடு தொடங்கினார். கறுப்பின, வெள்ளை மாணவர்கள் சேர்ந்து படிக்க அவர்களை வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் பேருந்தில் அனுப்பிய பழைய திட்டம் பற்றி மியாமி மேடையில் பைடனை நேருக்கு நேர் கேட்டபோது கணிப்புகளில் சட்டென்று உயர்ந்தார். பிறகு இறங்கினார். மருத்துவக் காப்பீட்டில் அவர் நிலைப்பாடு மாறி மாறி வந்தது. அரசு வழக்கறிஞராக இருந்த காலத்து முடிவுகளை இடதுசாரிகள் மன்னிக்கவில்லை. கறுப்பின மூத்தோர் பைடனை விட்டு நகரவில்லை. டிசம்பர் 3 அன்று, நான் கோடீஸ்வரி இல்லை, பிரசாரத்தை நடத்த என்னிடம் பணம் இல்லை என்று சொல்லி விலகினார். எட்டு மாதம் கழித்துத் துணை அதிபர் வேட்பாளர். ஏற்புரையில் "சித்தி"களைக் குறிப்பிட்டபோது இங்கே பல வீடுகளில் மகிழ்ச்சி. ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அவரை எடைபோட அது போதாது.

இந்தியாவில் பிறந்தவர் அதிபராக முடியுமா?

குடியேறிக் குடியுரிமை பெற்றவரால் முடியாது. பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக, 35 வயது நிறைந்தவராக, 14 ஆண்டு அங்கே வசித்தவராக இருக்க வேண்டும். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆனார்கள். அதிபர் போட்டியில் அவர்களுக்கு இடமில்லை. ஹாரிஸ் பிறந்தது ஓக்லண்டில்.

2022க்குப் பிறகு இப்படி விவாதமே நடக்கவில்லையே?

நடக்கவில்லை. அதற்குக் கட்சி கொடுத்த விலை மிகப் பெரியது. 2022ல் பெரிய அடி விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பென்சில்வேனியாவில் ஜான் ஃபெட்டர்மன் ஜெயித்தார், செனட்டும் கட்சியிடமே இருந்தது. பிரதிநிதிகள் சபையையும் 222-213 என்ற சிறு வித்தியாசத்தில்தான் இழந்தார்கள். கருக்கலைப்பு உரிமையைப் பறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மீதான கோபம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது. கட்சியோ அதை பைடனுக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டது.

2023 ஏப்ரல் 25 அன்று மீண்டும் போட்டி என்று அவர் அறிவித்தார். மேடை விவாதம் எதுவும் வைக்கவில்லை. எதிர்த்து வந்த டீன் ஃபிலிப்ஸை யாரும் பொருட்படுத்தவில்லை. வயது பற்றிக் கட்சிக்காரர்களே கவலைப்படுவதாகக் கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லின. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்புடன் நடந்த விவாதத்தில் நாடே அதைப் பார்த்தது. ஜூலை 21 அன்று பைடன் விலகினார். ஹாரிஸுக்குக் கிடைத்தது 107 நாள். இழுபறி மாநிலங்கள் ஏழிலும் தோற்றார்.

பிரைமரி நடந்திருந்தாலும் ஹாரிஸே ஜெயித்திருக்கலாம். அப்படி ஜெயித்திருந்தால் ஒரு வருடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறிய வேட்பாளராக வந்திருப்பார். அந்த வாய்ப்பை அவருக்கும் வாக்காளர்களுக்கும் கட்சி கொடுக்கவில்லை. 2018க்குப் பின் நடந்தது சத்தமும் சண்டையும் நிறைந்த போட்டிதான். அது எவ்வளவு தேவை என்பது அது இல்லாத ஆண்டில் தெரிந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் பிரைமரியில் பங்கெடுக்க முடியுமா?

குடியுரிமை வாங்கியிருந்தால் வாக்களிக்கலாம். கிரீன் கார்டு இருந்தால் வாக்கு இல்லை, ஆனால் நன்கொடை தரலாம். எச்1பி விசாவில் இருப்பவர் நன்கொடையும் தரக்கூடாது, அது சட்ட மீறல்.

வாக்குரிமை உள்ளவர் மாநில விதியைப் பார்க்க வேண்டும். டெக்சாஸிலும் தென் கரோலினாவிலும் கட்சிப் பதிவே கிடையாது, பிரைமரி நாளில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லலாம். நியூயார்க்கில் அந்தக் கட்சியில் முன்கூட்டியே பதிந்தவர்களுக்கு மட்டும்தான் வாக்கு. கட்சி மாற்றுவதற்கான கெடு பிரைமரிக்கு வெகு நாள் முன்பே முடிந்துவிடும். 2016ல் அங்கே பல பேர் அன்றைய தினம் போய் ஏமாந்து திரும்பினார்கள். இடைக்காலத் தேர்தல் முடிந்த கையோடு மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எந்தக் கட்சியின் பெயரில் இருக்கிறது, முகவரி சரியா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.